தொழுநோய் மாத்திரை தொடங்கிய பிறகு தேமல் சிவந்து வீங்குகிறது: மருந்தை நிறுத்தலாமா?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அண்ணனுக்காகக் கேட்கிறேன். நாற்பதைத் தாண்டியவர், இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். முன்கையிலும் முதுகிலும் சில ஆண்டுகளாகவே வெளிறிய தேமல்கள் இருந்தன. படர்தாமரை என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டு ஒருநாள் சூடான சைலன்சர் முன்கைத் தேமலின் மீது பட்டுத் தோல் வெந்திருக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை. கருகிய வாடை வந்து, பக்கத்தில் வேலை செய்த பையன் கத்திய பிறகுதான் கையை எடுத்திருக்கிறார். அதற்குப் பிறகே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். தொழுநோய், கிருமி அதிகமுள்ள எம்.பி. வகை என்று சொல்லிப் பன்னிரண்டு மாதத்துக்கான அட்டை மாத்திரையைத் தொடங்கினார்கள்.

சில மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார். இப்போது தேமல்கள் எல்லாம் செக்கச்செவேலென்று தடித்து வீங்கிவிட்டன. இல்லாத இடத்திலும் இரண்டு புதிதாகத் தெரிகின்றன. வலது முழங்கையின் உட்புறத்தைத் தொட்டாலே சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்கிறது என்கிறார். நேற்று ஸ்பேனரைப் பிடித்தபோது சுண்டுவிரலும் மோதிர விரலும் சரியாக மடங்கவில்லை. மருந்துக்கடைக்காரர், “மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுங்கள்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் முந்தாநாளிலிருந்து அட்டையைத் தொடவில்லை. அண்ணி அழுதுகொண்டிருக்கிறார். நிறுத்தியது சரியா?

வெண்கோட்டை எழுதியது:

அம்மா, தோல் மருத்துவனாக அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். முதலில் ஒரு கேள்வி: காய்ச்சல், உடம்பு முழுவதும் தடிப்பு, தோல் உரிதல், கண் மஞ்சளாதல் ஆகியவற்றில் ஏதாவது உண்டா? அந்த அட்டையில் உள்ள டாப்சோன் என்ற மருந்தின் ஒவ்வாமை அப்படித்தான் வரும். பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு மாதத்துக்குள் வந்துவிடும். அது வந்தால் மருந்தை உடனே நிறுத்த வேண்டும், அதில் இரண்டாம் பேச்சு இல்லை.

நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை. பழைய தேமல்களே சிவந்து வீங்குவதும் நரம்பு வலிப்பதும் ‘ரியாக்‌ஷன்’ என்று நாங்கள் சொல்லும் நிலையின் அடையாளங்கள். இது முதல் வகை ரியாக்‌ஷன். இது மருந்து தோற்றதன் அறிகுறியும் அல்ல, மருந்து ஒத்துக்கொள்ளாததும் அல்ல. இதற்காக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அதைவிட அவசரமான காரியம் அந்த முழங்கை நரம்பு. நாளைக் காலையிலேயே மாவட்ட அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். விரல் பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் நரம்பு மீள வாய்ப்பு உண்டு. தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் அந்த வாய்ப்பு குறைகிறது. அளவை நேரில் பார்ப்பவர் தீர்மானிக்கட்டும். பொதுவாக பிரெட்னிசோலோன் நாளுக்கு 40 மி.கி. வாக்கில் தொடங்கி, பல வாரங்களில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார்கள். கடையில் வாங்கித் தாமாகச் சாப்பிடவே கூடாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், குடற்புழு ஆகியவற்றைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

நுண்ணோக்கி எழுதியது:

ஐயா, நான் நுண்ணுயிரியல் முதுகலை மாணவன். பாடத்தில் முதல் வகை ரியாக்‌ஷன் என்றால் ‘நோய் எதிர்ப்பு கூடுவது’ என்று படித்தோம். எதிர்ப்பு கூடினால் நல்லதுதானே? அது எப்படிக் கையை முடக்கும்? ஒருவருக்கு ஒரே ஒரு தேமல், இன்னொருவருக்கு உடம்பெல்லாம் முடிச்சு என்று ஒரே கிருமி இரண்டு விதமாக நடந்துகொள்வது ஏன் என்பதும் எனக்கு விளங்கியதே இல்லை.

வெண்கோட்டை எழுதியது:

தம்பி, இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1873-இல் நார்வேயின் பெர்கனில் ஹான்சன் கண்டறிந்த இந்தக் கிருமி மிக மிக மந்தமானது. ஒன்று இரண்டாகப் பிரியவே பன்னிரண்டு முதல் பதினான்கு நாள் ஆகும். கண்ணாடிக் குடுவையில் இன்றுவரை யாரும் இதை வளர்த்ததில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள். 2001-இல் இதன் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் செயலிழந்து கிடந்தன. செல்லுக்குள் ஒண்டி வாழ்ந்து பழகியதில் சொந்தமாகப் பிழைக்கத் தேவையானதை எல்லாம் இழந்துவிட்டது. உடம்பில் குளிர்ந்த இடங்களைத் தேடும்: தோல், மூக்கு, காது மடல், தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள். அதன் மேலுறையில் உள்ள பி.ஜி.எல்.-1 என்ற கொழுப்புப் பொருள், நரம்பைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்லின் லாமினின் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். நரம்புக்குள் நுழையும் வழிகளில் அது முக்கியமானது.

இந்தக் கிருமிக்குச் சொந்த விஷம் என்று சொல்லத்தக்கது ஏதும் இல்லை. முற்றிய நோயாளியின் தோலில் ஒரு கிராமுக்கு நூறு கோடிக்கு மேல் கிருமிகள் இருக்கும், அவர் வயலில் வேலை செய்துகொண்டிருப்பார். சேதத்தில் பெரும்பங்கு நம் உடம்பின் எதிர்வினையால் வருகிறது.

பெரும்பாலான மனிதர்களுக்குக் கிருமி நுழைந்தாலும் நோய் வருவதில்லை. வருகிறவர்களில் ஒரு முனையில் டியூபர்குலாய்டு வகை. இங்கே டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் விழித்துக்கொண்டு காமா இன்டர்ஃபெரான் என்ற ஊக்கப் பொருளைச் சுரக்கும், விழுங்கு செல்கள் ஊக்கம் பெற்றுக் கிருமியைச் சுற்றிச் சிறு கட்டியாகத் திரளும். கிருமி அநேகமாக அழிந்துவிடும், ஒன்றிரண்டு தேமலோடு நோய் நின்றுவிடும். ஆனால் அந்தக் கட்டி நரம்புக்குள் எழுந்தால் நரம்பும் அதோடு போய்விடும். அதனால்தான் இந்த வகையில் தேமலில் தொடு உணர்வு சீக்கிரமே அற்றுவிடுகிறது. மறு முனையில் லெப்ரோமேட்டஸ் வகை. இங்கே டி செல்கள் இந்தக் கிருமிக்கு மட்டும் மௌனமாகிவிடும். எதிர்ப்பை அடக்கும் இன்டர்லூக்கின்-10 போன்றவற்றின் கை ஓங்கும். விழுங்கு செல்கள் கிருமியை விழுங்கிவிட்டுக் கொல்லாமல் வைத்திருக்கும், நுரைத்த தோற்றம் அடையும். எதிர்ப்பொருள் மட்டும் ரத்தத்தில் ஏராளமாக இருக்கும், ஆனால் செல்லுக்குள் இருக்கும் கிருமியை அது என்ன செய்யும்?

இந்த இரு முனைகளுக்கு நடுவில் மூன்று படிகள். ரிட்லியும் ஜோப்ளிங்கும் 1966-இல் வகுத்த வரிசை இது. நடுப்படிகளில் இருப்பவர்களின் எதிர்ப்பு நிலையாக நிற்காது. மருந்தால் கிருமி செத்து உடையும்போது அதன் துண்டுகளைப் பார்த்து, உறங்கிய டி செல்கள் ஒரேயடியாக எழுந்துகொள்ளும். தேமல் சிவப்பது அதனால்தான். தோல் வீங்கினால் வடிந்துவிடும். நரம்பைச் சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது, இறுகிய மோதிரத்துக்குள் விரல் வீங்குவது போல அது உள்ளேயே நெரிபடும். முழங்கையின் உட்புறத்தில் எலும்பை ஒட்டி ஓடும் அல்னார் நரம்பு இதில் அதிகம் அடிபடும். பொருநைக்கரை அம்மாவின் அண்ணனுக்கு நடப்பதும் இதுதான் என்று நினைக்கிறேன். கிருமியைக் கொல்வது ஒரு வேலை, நரம்பைக் காப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையில்தான் நாம் அதிகம் கோட்டை விடுகிறோம்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

இத்தனை விளக்கம் எதற்கு? மாத்திரை சாப்பிட்டு உடம்பு சிவந்துவிட்டது என்றால் உடம்பு அதை வேண்டாம் என்கிறது. நம் முன்னோர் நீரடிமுத்து எண்ணெயால் இந்த நோயைத் தீர்த்தார்கள். மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு அதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

செங்கைவாசி எழுதியது:

நண்பரே, உங்கள் மீது மரியாதை இருக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு ஒருவர் கையைப் பறித்துவிடும். நீரடிமுத்து எண்ணெய்க்கு உலகம் முழுவதும் வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. வேறு மருந்தே இல்லாத காலத்தில், பல பத்தாண்டுகள் ஊசியாகவும் குத்தினார்கள். குத்திய இடம் புண்ணாகும், குமட்டும். சிலருக்குச் சற்றுத் தணிந்தது, பெரும்பாலானவர்களுக்கு நோய் நடையைக் கட்டவில்லை. எங்கள் செங்கல்பட்டுத் திருமணியில் இருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில்தான் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் 1940-களின் பிற்பகுதியில் டாப்சோனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த வளாகம் 1955-இல் மத்திய அரசின் தொழுநோய் ஆய்வு நிறுவனமானது. வாழ்நாள் முழுக்க உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள் வெளியே நடந்து வந்தது டாப்சோன் போன்ற சல்ஃபோன் மருந்துகளுக்குப் பிறகுதான்.

தனி டாப்சோனுக்கும் கிருமி பழகிக்கொண்டது. 1964-இல் மலேசியாவில் அது நிரூபணமானது. அதனால்தான் 1981-இல் உலக சுகாதார நிறுவனத்தின் குழு மூன்று மருந்துக் கூட்டைப் பரிந்துரைத்தது: மாதம் ஒருமுறை கண்ணெதிரே ரிஃபாம்பிசினும் கூடுதல் குளோஃபாசிமினும், நாள்தோறும் டாப்சோனும் சிறு அளவு குளோஃபாசிமினும். ஒரு மருந்துக்குத் தப்பியது இன்னொன்றில் மாட்டும். பாதியில் விட்டுவிட்டு எண்ணெய்க்குப் போனால் மிச்சமிருக்கும் கிருமிக்கு நாமே இடம் கொடுத்ததாக ஆகும். எண்ணெய் தேய்ப்பதற்கு நான் எதிரி இல்லை. வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெயே போதும், மாத்திரையோடு சேர்த்துத் தேயுங்கள்.

வேலிக்காத்தான் எழுதியது:

சகோதரி, நான் இந்த நோயிலிருந்து மீண்டவன். உங்கள் அண்ணிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு மரத்த தேமல் எதுவும் இல்லை. அதனாலேயே கண்டுபிடிக்கத் தாமதமாகிவிட்டது. மூக்கடைப்பு, சளியோடு ரத்தம், கால் வீக்கம் இவைதான் இருந்தன. சைனஸ் என்று மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். புருவத்தின் வெளிப்பாதி முடி உதிர்ந்தது. காது மடல் தடித்து, எண்ணெய் பூசியது போல முகம் மினுமினுத்தது. ஊரில் ‘செழிப்பாக இருக்கிறான்’ என்றுகூடச் சொன்னார்கள். கடைசியில் ஒரு இளம் மருத்துவர் காது மடலை விரலால் பிடித்துப் பார்த்தவுடனே கேள்விகளை நிறுத்திவிட்டு, மடலை இறுகக் கிள்ளிப் பிடித்து, சிறு கீறல் போட்டுச் சுரண்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவினார். ரத்தம்கூட அதிகம் வரவில்லை. முடிவு ஐந்து பிளஸ், அதாவது கிருமிச் சுமை மிக அதிகம். லெப்ரோமேட்டஸ்.

மருந்து தொடங்கிய பிறகு எனக்கு வந்தது வேறு மாதிரி. தேமல் சிவக்கவில்லை. மாலையானால் காய்ச்சல், கைகளிலும் தொடைகளிலும் புதிதாகச் சிவந்த முடிச்சுகள், சட்டை உரசினால் உயிர் போகும். மூட்டு வலி, ஒருமுறை கண் சிவந்து ஒளியைப் பார்க்கவே முடியவில்லை. முடிச்சுகள் சில நாளில் அமுங்கும், மறுபடி அடுத்த கூட்டம் வரும். நானும் மருந்தை நிறுத்திவிடலாமா என்றுதான் கேட்டேன். ‘உள்ளே செத்த கிருமியோடு உடம்பு நடத்தும் சண்டை இது, கொன்ற மருந்தைக் குறை சொல்லாதே’ என்றார் மருத்துவர். இன்று குணமாகி வேலைக்குப் போகிறேன்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். குளோஃபாசிமினால் தோல் கறுத்துச் செம்பழுப்பாகும். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட நாளில் சிறுநீர் சிவப்பாகப் போகும். இரண்டும் ஆபத்தில்லை. கறுப்பு நிறம் மருந்து முடிந்து ஓராண்டு வாக்கில் எனக்குப் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நிறத்தைப் பார்த்து ஊரார் கேட்கும் கேள்விக்குப் பயந்தே பலர் மருந்தை விடுகிறார்கள்.

வெண்கோட்டை எழுதியது:

வேலிக்காத்தான் சொல்வது இரண்டாம் வகை ரியாக்‌ஷன், ஈ.என்.எல். அது டி செல்கள் விழிப்பதால் மட்டும் வருவதில்லை. உடைந்த கிருமித் துண்டுகளும் எதிர்ப்பொருளும் கூட்டாகி, ரத்தக்குழாய்ச் சுவரிலும் திசுவிலும் படிந்து அழற்சியைக் கிளப்பும். கிருமிச் சுமை அதிகமுள்ளவர்களுக்கே வரும், திரும்பத் திரும்ப வரும். கண், விரை, சிறுநீரகம், நரம்பு என எதையும் விடாது. ஸ்டீராய்டு முதல் துணை. தாலிடோமைடு மிக வேகமாகக் கேட்கும். ஜெருசலேமில் ஷெஸ்கின் என்ற மருத்துவர் 1960-களில் தூக்கத்துக்காகக் கொடுத்தபோது முடிச்சுகள் அமுங்கியதைக் கவனித்தார். ஆனால் கருவில் உள்ள குழந்தையின் கைகால்களைச் சிதைத்த மருந்தும் அதுவே. கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்குக் கடும் கட்டுப்பாடு இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

மரத்த தேமல் இல்லை என்பதைக் கவனியுங்கள். ‘உணர்ச்சியற்ற தேமல்’ என்று சுவரில் எழுதிப் போட்டோம், நல்லது. ஆனால் அதிகம் பரப்பக்கூடிய வகைக்குத் தொடக்கத்தில் அந்த அடையாளமே இருக்காது.

மருதம் எழுதியது:

வெண்கோட்டை ஐயாவோடு ஒரு விஷயத்தில் எனக்கு எப்போதும் வாக்குவாதம் உண்டு, இங்கேயே கேட்கிறேன். ஐந்து பிளஸ், ஆறு பிளஸ் சுமை உள்ளவருக்குப் பன்னிரண்டு மாதம் போதுமா? முன்பு இருபத்து நான்கு மாதம் கொடுத்தோம். அதற்கும் முன் தகட்டில் கிருமி மறையும்வரை கொடுத்தோம். சுமை அதிகமுள்ளவர்களில் நோய் திரும்பும் விகிதம் அதிகம் என்று நம் நாட்டு ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. தகட்டுச் சோதனையைப் பல இடங்களில் கைவிட்டுவிட்டு, தேமலை எண்ணி ஐந்துக்கு மேல் இருந்தால் எம்.பி. என்று எழுதுகிறோம். ஆறு தேமல்காரரும் வேலிக்காத்தானும் ஒரே பெட்டியில் போய்விடுகிறார்கள்.

வெண்கோட்டை எழுதியது:

மருதம், தகட்டுச் சோதனையைக் கைவிட்டது பெரிய இழப்பு என்பதில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். காலத்தை இரட்டிப்பாக்குவதில் தயக்கம் உண்டு. ரிஃபாம்பிசினின் சில தவணைகளிலேயே உயிருள்ள கிருமிகளில் மிகப் பெரும்பகுதி செத்துவிடும். தகட்டில் மாதக்கணக்கில் தெரிவது பெரும்பாலும் பிணங்கள். உடம்பு அவற்றை அப்புறப்படுத்தப் பல ஆண்டுகள் ஆகும். கிராமத்தில் இருபத்து நான்கு மாதம் கொடுத்த காலத்தில் எத்தனை பேர் நடுவில் நின்றுபோனார்கள் என்பதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். சுமை மிக அதிகமுள்ளவரைத் தனியே குறித்துவைத்து, பல ஆண்டுகள் தொடர்ந்து பார்ப்பதே என் வழி. திரும்பினால் மறுபடி கொடுக்கலாம்.

மருதம் எழுதியது:

தொடர்ந்து பார்ப்பதற்குத்தான் ஆள் எங்கே? 2005-இல் நாட்டில் தொழுநோய் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் கீழே வந்துவிட்டது என்று அறிவித்தோம், தொழுநோய்க்கென்று இருந்த தனிப் பணியாளர்களைக் கலைத்தோம். இன்றும் உலகில் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், ஆண்டுக்கு ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. நீங்கள் சொல்லும் கண்காணிப்பு இல்லாத ஊரில், நீண்ட சிகிச்சையே எனக்குப் பாதுகாப்பாகப் படுகிறது.

கைவண்ணம் எழுதியது:

மருத்துவர்கள் வாதாடட்டும், நான் இயன்முறை மருத்துவர், அந்த விரலைப் பற்றிச் சொல்கிறேன். வலியும் வீக்கமும் இருக்கும்வரை அந்தக் கைக்கு ஓய்வு. முழங்கையைப் பாதி மடக்கித் தூளியில் தொங்கவிடுங்கள். எண்ணெய் போட்டு அமுக்கி நீவுவது, பிடித்து இழுப்பது இரண்டும் வேண்டாம். வலி அடங்கிய பிறகே பயிற்சி.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய சோதனை ஒன்று: சுண்டுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட்டை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, மெல்ல இழுங்கள். நல்ல கையில் இழுபடாது. வாரம் ஒருமுறை இரண்டு கைகளிலும் செய்து நோட்டில் எழுதி வையுங்கள். கட்டை விரலை மேலே தூக்குவது, மணிக்கட்டை நிமிர்த்துவது, பாதத்தை மேலே உயர்த்துவது, கண்ணை இறுக மூடுவது ஆகியவற்றையும் பாருங்கள். கண் முழுதாக மூடவில்லை என்றால் அன்றே மருத்துவமனை.

மரத்த கைக்குப் பட்டறை ஆபத்தான இடம். ஸ்பேனர் கைப்பிடிக்குத் துணி சுற்றுங்கள், சைலன்சர் பக்கம் கையுறை இல்லாமல் போக வேண்டாம், தினமும் இரவு கையையும் காலையும் விளக்கில் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோயில் விரல் தானாக அழுகி விழுவதில்லை. வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் பல ஆண்டுகள் கவனித்து நிறுவியது இதைத்தான்: வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் நசுக்கிக்கொண்டும், இரவில் எலி கடித்தும்கூட விரல்கள் தேய்ந்தன. மரத்த பாதத்துக்கு எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, தண்ணீரில் ஊறவைத்துத் தடித்த தோலைத் தேய்ப்பது, எண்ணெய் ஆகியவை தினசரி வேலை. ஒருவேளை விரல் மீளாமல் மடங்கியே நின்றாலும், ரியாக்‌ஷன் அடங்கிப் பல மாதங்கள் கழித்துத் தசைநாண் மாற்று அறுவையால் விரித்து மடக்க வைக்கலாம்.

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அழைத்துப் போனோம். நரம்பைத் தொட்டுப் பார்த்து, நைலான் இழையால் உள்ளங்கை முழுவதும் சோதித்து, ஸ்டீராய்டு தொடங்கியிருக்கிறார்கள். அட்டை மாத்திரையும் தொடர்கிறது. வீக்கம் வடியத் தொடங்கிவிட்டது, டிக்கெட் இன்னும் வழுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டு கேள்விகள். வீட்டில் அண்ணன் பிள்ளைகள் இருக்கிறார்கள், தட்டு, படுக்கை தனியாக வைக்க வேண்டுமா? சிகிச்சை முடிந்த பிறகும் இப்படிச் சிவந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருளா?

வெண்கோட்டை எழுதியது:

தட்டும் வேண்டாம், படுக்கையும் வேண்டாம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பரப்பும் ஆற்றல் போய்விடும், பிள்ளைகள் அப்பாவின் மடியில் உட்காரட்டும். ஆனால் வீட்டில் அனைவரையும் துணி விலக்கி ஒருமுறை பரிசோதிக்க வேண்டும். நோயோ காசநோயோ இல்லை என்றால், இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே ஒரு தவணை ரிஃபாம்பிசின் தருவார்கள். வங்கதேசத்தில் நடந்த பெரிய ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பு ஐம்பத்தேழு சதவீதம் குறைந்தது. முழுக் காப்பு இல்லை என்பதால் ஆண்டுதோறும் பிள்ளைகளின் தோலைப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: மாத்திரை முடிந்த பிறகும், குறிப்பாக முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில், ரியாக்‌ஷன் வரலாம். அது சில நாட்களில் திடீரென்று, பழைய தேமல் சிவந்து, நரம்பு வலியோடு வரும். ஸ்டீராய்டுக்குச் சீக்கிரம் அடங்கும். நோய் திரும்புவது பெரும்பாலும் பல ஆண்டுகள் கழித்து, ஓசையில்லாமல், புதிய இடங்களில் மெல்லப் படரும். சந்தேகம் என்றால் தகட்டுச் சோதனை கேளுங்கள், இதில் மருதமும் நானும் ஒரே கட்சி. அட்டை முடியும் நாளில், தேமல்களைக் குறித்த உடல் வரைபடத்துக்கும் நரம்புச் சோதனைத் தாளுக்கும் நகல் கேட்டு வாங்கி வீட்டில் வையுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பார்க்கிற மருத்துவருக்கு, எது பழையது எது புதியது என்று சொல்ல அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.